ஒரு வருடத்துக்கு ஒரு கார்

எல்லையோரக் கேரளத்தில் பழைய கார் வாங்குவது சுலபம். காகிதத்தில் சிக்காமல் அதை விட்டு வெளியே வருவதுதான் சாமர்த்தியம்.

வாளையாரைத் தாண்டினால் நம்பர் பிளேட்டில் 'டி.என்.' மறைந்து 'கே.எல்.' தொடங்கும் என்பது பொது விதி. எல்லையோரத்தில் அந்த விதி செல்லாது. சித்தூர் தாலுகாவின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் கடைத்தெருக்களில் கோவை, பொள்ளாச்சிப் பதிவு எண்கள் சித்தூரின் கே.எல்.70 எண்ணோடு கலந்தே நிற்கின்றன. தெற்கே இடுக்கியிலும் அப்படித்தான். குமுளி, நெடுங்கண்டம், பூப்பாறை என்று ஏலக்காய் மணக்கும் ஊர்களில் தேனியின் டி.என்.60ஐ யாரும் வெளியூர் வண்டியாகப் பார்ப்பதில்லை. 1956ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது கோடு போட்டார்கள். வண்டிகள் அந்தக் கோட்டைப் பெரிதாக மதித்ததில்லை. ஆனால் வண்டியின் காகிதங்கள் மதித்தாக வேண்டும். சிக்கல் அங்கேதான்.

இந்தப் பகுதிக்கு வந்து போகிறவர்கள் அதிகம். கஞ்சிக்கோடு தொழிற்பேட்டைக்கு ஓராண்டு ஒப்பந்தத்தில் வரும் பொறியாளர், பாலக்காடு ஐ.ஐ.டி.யில் ஆய்வுக்குச் சேர்ந்தவர், இரண்டு வருடத்தில் மாற்றலாகிவிடும் வங்கி அதிகாரி, வளைகுடாவிலிருந்து ஆறு மாத விடுப்பில் வந்திருப்பவர், கம்பத்தில் வீடும் உடும்பன்சோலையில் நாலு ஏக்கர் ஏலமும் வைத்திருப்பவர். இவர்களுக்குப் புதுக் கார் அநாவசியம். பேருந்தை நம்பினால் பாதிப் பொழுது நிறுத்தத்தில் போய்விடும். வெள்ளைப் பலகைச் சொந்தக் காரை நாள் வாடகைக்கு எடுக்கலாம் என்றால் அது பர்மிட் விதிகளுக்குப் புறம்பானது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ் நிறுவனம் கையை விரித்துவிடலாம். மிஞ்சுவது ஒரே வழி: ஓடக்கூடிய பழைய கார் ஒன்றை வாங்கி, வேலை முடிந்ததும் விற்றுவிட்டுப் போவது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கும் முதலில் நன்றாகவே வருகிறது. உதாரணத்துக்கு, 1,20,000 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பழைய ஆல்டோவை ஒரு வருடம் ஓட்டி 1,00,000க்கு விற்றால் இழப்பு 20,000. மாதத்துக்கு 1,700 ரூபாய் கூட ஆகவில்லை. புதுக் காராக இருந்தால் ஷோரூம் வாசலைத் தாண்டிய அன்றே அதைவிட அதிகம் கரைந்திருக்கும். விலை விழவேண்டிய அளவுக்கு ஏற்கெனவே விழுந்துவிட்ட வண்டியைத் தேடுவதுதான் குறுகிய கால உரிமையாளரின் முதல் சூத்திரம். இரண்டாவது, நாளைக்கே விற்க நினைத்தாலும் ஆள் கிடைக்கிற வண்டியாக அது இருக்க வேண்டும். ஊரில் ஒரே ஒரு மெக்கானிக்குக்கு மட்டும் தெரிந்த வெளிநாட்டுக் கம்பெனி கார் எவ்வளவு மலிவாக வந்தாலும் அது மலிவல்ல.

கணக்கு கெட்டுப்போவது வண்டி மாநிலம் மாறும்போது. மற்ற மாநிலத்தில் பதிவான வண்டியைத் தன் பெயருக்குக் கொண்டுவர, பழைய பதிவு அலுவலகத்திலிருந்து என்.ஓ.சி. எனப்படும் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். புதிய மாநிலத்தில் வரி கட்ட வேண்டும். புது எண் பெற வேண்டும். விட்டுவந்த மாநிலத்தில் மீதமிருக்கும் வரியைத் திரும்பக் கேட்டுத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். பத்து வருடம் வைத்திருக்கப் போகிறவருக்கு இந்தச் செலவில் வருடத்துக்குப் பத்தில் ஒரு பங்குதான் விழும். ஒரே வருடம் வைத்திருப்பவர் தலையில் முழுவதும் விழும். பொள்ளாச்சியில் 15,000 ரூபாய் மலிவாகக் கிடைத்தது என்று மீனாட்சிபுரத்துக்காரர் வாங்கி வரும் கார், கேரள எண் பெற்று முடிப்பதற்குள் அந்த லாபத்தை விழுங்கிவிட வாய்ப்புண்டு. டெல்லி வண்டிக்கும் இதே கதிதான். பத்து வயது கடந்த டீசல் வண்டிகளும் பதினைந்து வயது கடந்த பெட்ரோல் வண்டிகளும் தலைநகரில் ஓடக்கூடாது என்ற தடையை 2018ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதிலிருந்து டெல்லிக் கார் என்றாலே தெற்கில் பலருக்குச் சபலம். விலை அடிமாட்டு விலைதான். ஆனால் அது இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் அலுவலகத்தின் காகிதத்தோடு வருகிற வண்டி.

சட்டம் ஓரளவு இடம் கொடுக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 47வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருக்கப்பட்டால்தான் புதிய பதிவு எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். வீடு பொள்ளாச்சியிலும் வேலை சித்தூரிலும் உள்ளவர் தமிழ்நாட்டு வண்டியைத் தமிழ்நாட்டு முகவரியிலேயே தன் பெயருக்கு மாற்றிக்கொண்டு, வருடத்துக்குள் வேலை முடிந்து அங்கேயே விற்றுவிட்டால் எண் மாற்றும் தொல்லை இல்லை. ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது. பதிவு எண் வேறு, வரி வேறு. 12 மாதம் என்பது பதிவுக்கான கெடு. வரி மாநில அரசின் கையிலுள்ள விவகாரம். கேரளத்தில் வண்டியைத் தொடர்ந்து வைத்திருக்கப் போகிறவர் சித்தூரிலோ பாலக்காட்டிலோ உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முதல் மாதமே கேட்டுத் தெளிவது நல்லது. வரியைத் தவிர்க்கப் புதுச்சேரி முகவரியில் சொகுசுக் கார்களைப் பதிவு செய்த விவகாரம் 2017ல் கேரளத்தில் பெரிதாக வெடித்த பிறகு வெளி மாநில எண்களை அங்குள்ள அதிகாரிகள் சற்றுக் கூர்ந்துதான் பார்க்கிறார்கள்.

ஆகவே நடைமுறை விதி இது: எந்த மாநிலத்தில் விற்கப் போகிறீர்களோ அந்த மாநில எண்ணுள்ள வண்டியை வாங்குங்கள். ஒரு வருடத்தில் பாலக்காட்டிலிருந்தே கிளம்பிப் போகிறவருக்குக் கே.எல். வண்டி. தேனிக்குத் திரும்பப் போகிறவருக்கு டி.என். வண்டி.

இதற்கெல்லாம் புரோக்கர்களிடம் ஒரு குறுக்குவழி இருக்கிறது. அதை அவர்கள் குறுக்குவழி என்று சொல்வதில்லை, 'வழக்கம்' என்கிறார்கள். விற்பவர் 29, 30ஆம் எண் படிவங்களில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துவிடுவார். வாங்குபவர் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாகவே இருக்கும். வாங்கியவர் பெயர் மாற்றாமல் ஒரு வருடம் ஓட்டிவிட்டு, அதே காகிதங்களை அடுத்தவரிடம் நீட்டிவிடுவார். கட்டணம் மிச்சம், அலைச்சல் மிச்சம், ஆர்.சி. புத்தகத்தில் உரிமையாளர் எண்ணிக்கையும் கூடாது. அந்த வண்டியை வைத்து 'சிங்கிள் ஓனர்' என்று தைரியமாக விளம்பரமும் கொடுக்கலாம். குறுகிய கால உரிமையாளருக்கென்றே தைத்த சட்டை போலத் தோன்றும்.

அந்தச் சட்டை யார் கழுத்தை இறுக்கும் என்பதை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தெளிவாகச் சொன்னது. வழக்கு வடக்கே நடந்தது. 2009 மே மாதம் ஒரு காலை, தெருவில் நடந்துகொண்டிருந்த பெண் மீது பின்னோக்கி வந்த கார் மோதியது. அவரோடு வந்த சிறுவன் இறந்துபோனான். கார் யாருடையது? ஆர்.சி.யில் பெயர் இருந்தவர் 2007லேயே விற்றுவிட்டதாகச் சொன்னார். வாங்கியவர் அதை 2008ல் இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் இன்னொருவரைக் காட்டினார். அந்த இன்னொருவரோ தானும் விற்றுவிட்டதாகச் சொன்னார். பதிவேட்டில் இவர்கள் யாருடைய பெயரும் ஏறவில்லை. உயர் நீதிமன்றம் கடைசிக் கையைப் பிடித்தது. உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, சட்டத்தின் பார்வையில் பதிவேட்டில் பெயர் உள்ளவரே உரிமையாளர், நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவரும் அவரே என்றது. அடிபட்டவர் காரின் உண்மையான உரிமையாளரைத் தேடிக் கைமாறிய ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டிக்கொண்டிருக்க முடியாது என்பது இதற்குப் பின்னாலுள்ள நியாயம்.

குறுகிய கால உரிமையாளர் இதில் இரண்டு முறை மாட்டக்கூடியவர். வாங்கும்போது பெயர் மாற்றாவிட்டால் ஒரு அந்நியரைத் தன் ஒவ்வொரு பயணத்துக்கும் பிணையாக்குகிறார். பெயர் மாற்றிக்கொண்டு, விற்கும்போது காலிப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால் அந்த அந்நியர் இடத்தில் இவரே நிற்கிறார். இவர் துபாயில் இருப்பார். இவர் பெயரிலுள்ள கார் வண்டிப்பெரியாற்றில் யாரையாவது இடித்திருக்கும். சின்ன அளவில் இது தினமும் நடக்கிறது. 2023 ஜூன் 5 முதல் கேரளச் சாலைகளில் 726 கேமராக்கள் சீட் பெல்ட், ஹெல்மெட் குற்றங்களைப் படமெடுத்து அபராதம் விதிக்கத் தொடங்கின. கேமராவுக்கு முகம் தெரியாது, எண் தான் தெரியும். நோட்டீஸ் போவது ஆர்.சி.யிலுள்ள முகவரிக்கு. என்றோ விற்ற மாருதிக்காகப் பழைய உரிமையாளர் வீட்டுக்கு அபராதச் சீட்டு வருவது இப்படித்தான்.

வளைகுடாவிலிருந்து வருபவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். துபாயில் பழைய கார் வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து பதிவு மையத்துக்குப் போகிறார்கள், சோதனை, இன்ஷூரன்ஸ் முடித்துப் புதுப் பெயரில் அட்டையோடு வெளியே வருகிறார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வேலை மாறும் ஊரில் வேறெப்படியும் நடத்த முடியாது. நம் ஊரிலும் சட்டம் சோம்பேறியாக இல்லை. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும். வெளி மாநிலத்துக்கு விற்றால் 45 நாளுக்குள் தடையில்லாச் சான்றோடு தெரிவிக்க வேண்டும். வாங்கியவருக்கு 30 நாள். டீலரிடம் வண்டியை ஒப்படைத்தால் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற டீலர் அதைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, அடுத்தவருக்கு விற்கும்வரை பொறுப்பைத் தானே ஏற்க வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு முன் டீலரிடம் அந்த அங்கீகாரச் சான்றைக் கேட்டால் சிலர் முகம் கறுக்கும். அப்படிப்பட்டவரிடம் கொடுக்காமல் வேறு இடம் பார்க்கலாம்.

சரி, வண்டிக்கு வருவோம். மலையாளத்தில் எழுதிய விற்பனை ஒப்பந்தங்களைத் தமிழாக்கித் தரச் சொல்லி இந்தக் கட்டுரையாளரிடம் அவ்வப்போது வருகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு முதலில் சொல்வது ஒரு சொல்லின் பொருளை. 'பணி' என்றால் நமக்கு வேலை, தொண்டு. மலையாளத்தில் வண்டிக்குப் 'பணி உண்டு' என்றால் ரிப்பேர் இருக்கிறது என்று அர்த்தம். 'சில்லறைப் பணி' என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வது பிரேக் பேடாகவும் இருக்கலாம், கியர் பாக்ஸாகவும் இருக்கலாம். எது என்று எழுதி வாங்க வேண்டும்.

பாலக்காட்டுச் சமவெளிக் காரும் இடுக்கி மலைக் காரும் வேறு வேறு விதமாக வயதாகின்றன. பாலக்காட்டு வெயிலில் ரப்பர் குழாய்கள் வெடிக்கும், ரேடியேட்டரும் ஏ.சி.யும் களைக்கும். இடுக்கியில் கிலோமீட்டர் குறைவாகக் காட்டும் காரை நம்பி ஏமாறக்கூடாது. லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி ஏறும் கொண்டை ஊசி வளைவுகளிலும் போடியிலிருந்து போடிமெட்டு ஏறும் சாலையிலும் முதல் கியர், இரண்டாம் கியரிலேயே ஓடிய ஒவ்வொரு கிலோமீட்டரும் கிளட்ச்சுக்கு இரண்டு கிலோமீட்டர். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்து வந்த காரின் டிஸ்க்கில் விரலுக்குத் தட்டுப்படும் விளிம்பு இருக்கும். மழை மாதங்களின் ஈரத்தில் அடித்தளம் துருப்பிடித்திருக்கும். பெயின்ட் பளபளப்பைப் பார்ப்பதை விட ஒரு சர்வீஸ் ஸ்டேஷனில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் பார்ப்பது மேல்.

காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்துகொண்டிருந்தால் குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்தது போலப் படிந்திருந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிடலாம். ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூன்றாம் கியரில் மெதுவாகக் கிளட்ச்சை விட்டால் என்ஜின் அணைய வேண்டும். அணையாமல் உறுமிக்கொண்டிருந்தால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. மீட்டரில் 40,000 கிலோமீட்டர், ஆனால் பெடல் ரப்பர் மழுங்கிப் போயிருக்கிறது என்றால் மீட்டர் பொய் சொல்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு வருடத்தையும் குறிக்கும். பட்டன் நன்றாக இருந்தாலும் எட்டு வயதான டயரோடு மலை ஏறக்கூடாது.

வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் தனி அத்தியாயம். 2015ல் சென்னை, 2018 ஆகஸ்டில் கேரளம், 2023 டிசம்பரில் மறுபடி சென்னை. மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து, தங்களை யாரும் அறியாத ஊருக்குப் போய்ச் சேருவது வழக்கம். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் கதை தெரிந்துவிடும். சீட்டுக்கு அடியிலுள்ள தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் ஆவி, கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டால் ஒரு ஈர மக்கல் வாசனை. சென்ட் பாட்டில் புதிதாகத் தொங்கினால் வாசனையை மறைக்கிறார்களோ என்று சந்தேகப்படலாம்.

எந்தக் கார்? மாருதி 800க்கு இன்னும் மவுசு இருக்கிறது. 1983 டிசம்பரில் வந்த வண்டி, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்து மாட்டுவார். ஆனால் பதினைந்து வயதில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக வந்த 800க்கே 2029ல் அந்தக் கெடு வருகிறது. காருக்கான புதுப்பிப்புக் கட்டணத்தை மத்திய அரசு 2022 ஏப்ரலில் 600லிருந்து 5,000 ரூபாயாக்கியது. இருபது வயது தாண்டியவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கியது. இதற்கு மேல் மாநிலப் பசுமை வரி வேறு. பதினான்கு வயது வண்டி மலிவாக வருவதற்கு இது ஒரு காரணம். விற்பவர் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார். எட்டிலிருந்து பதினொரு வயதுக்குள் உள்ள ஆல்டோ, வேகன் ஆர், பழைய சான்ட்ரோ போன்றவை ஒரு வருடக் குடித்தனத்துக்குப் பாந்தமானவை. விற்கும்போதும் அடுத்தவருக்குப் பதிவில் சில வருடம் மிச்சமிருக்கும். அம்பாசடர் ஆசை உள்ளவர்கள் அதை ஆசையாகவே வைத்துக்கொள்ளலாம். 2014 மேயில் உத்தர்பாராவில் உற்பத்தி நின்றுபோன அந்தக் காருக்கு ரசிகர்கள் கிடைப்பார்கள். குறித்த தேதிக்குள் ரொக்கத்தோடு வருவார்களா என்பதுதான் கேள்வி. தோட்டத்துக் கல் பாதையில் ஏற வேண்டியவருக்கு இடுக்கி ஜீப்தான் கதி. அதன் விலை அவ்வளவாக விழுவதில்லை. பெட்ரோல் வண்டிக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: 20 சதவிகித எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் வந்துவிட்டது. அதற்கென்று வடிவமைக்கப்படாத பழைய காரில் எரிபொருள் குழாய்களைச் சோதித்து, தேவையானால் மாற்றிவிடுவது பெரிய செலவல்ல.

முன்பணம் கொடுப்பதற்கு முன் வாஹன் தளத்தில் எண்ணைப் போட்டுப் பார்க்க வேண்டும். இன்ஷூரன்ஸ், புகைச் சான்று, வங்கிக் கடன் பதிவு, நிலுவை அபராதம் எல்லாம் அதில் தெரியும். கடன் பாக்கி இருந்தால் வங்கியின் சான்றும் 35ஆம் எண் படிவமும் கைக்கு வரும்வரை முழுப் பணமும் கொடுக்கக்கூடாது. சேஸ் நம்பரைப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். பூட்டானிலிருந்து கடத்திவந்து இந்திய எண் மாட்டிய வண்டிகளைத் தேடி 2025 செப்டம்பரில் சுங்கத்துறை கேரளம் முழுக்கச் சோதனை நடத்தியதை மறந்துவிட வேண்டாம். அவை பெரும்பாலும் சொகுசு ஜீப் ரகம்தான். காகிதத்தைச் சரிபார்க்காமல் வாங்கும் பழக்கம் மட்டும் எல்லா ரகத்துக்கும் பொது. பெயர் மாற்றத்துக்கு ஓ.டி.பி. வருவது பதிவிலுள்ள மொபைல் எண்ணுக்கு. அது யாருடையது என்று முதலிலேயே கேளுங்கள். பழைய வண்டிகளில் அது இரண்டு உரிமையாளருக்கு முந்தைய புரோக்கருடையதாக இருப்பதுண்டு. பெயர் மாறிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸிலும் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பு வண்டியோடு தானாகவே வந்துவிடும். உங்கள் கார் நசுங்கினால் கிடைக்க வேண்டிய பணம் அப்படி வராது.

விற்கும் காலமும் விலையைத் தீர்மானிக்கிறது. ஓணத்துக்கு முந்தைய வாரங்களிலும் வளைகுடாப் பள்ளி விடுமுறையிலும் கேரளத்தில் வாங்க ஆள் அதிகம். டிசம்பரில் விற்காமல் ஜனவரிக்குத் தள்ளினால் கார் ஓடாமல் நின்றிருந்தாலும் ஒரு வயது கூடிவிட்டதாகப் பேரம் பேசுவார்கள். அரசு முடிவுகளும் இடையில் புகுந்துவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவிகிதமாகக் குறைந்து புதுக் கார் விலை இறங்கியபோது, அதற்குச் சில வாரம் முன்பு பழைய கார் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். இதையெல்லாம் முன்கூட்டிக் கணிக்க முடியாது. ஆகவே ஊரை விட்டுக் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பே விற்பனையைத் தொடங்குவது உசிதம். விமான டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேரம் பேசுகிறவரை வாங்குபவர் முகத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். பெயர் மாற்றத்துக்கும் அந்த இரண்டு மாதம் தேவைப்படும். புதிய ஆர்.சி.யில் வாங்கியவர் பெயர் ஏறிவிட்டதா என்று வாஹன் தளத்தில் பார்த்துவிட்டு, ஒப்பந்தத்தின் நகலையும் வண்டி கைமாறிய தேதி, மணி குறித்த ரசீதையும் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு புறப்படலாம். ரசீதில் மணி குறிப்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை. காலை பத்துக்கு விற்ற கார் மாலை நாலுக்கு வாளையாரில் இடித்தால் போலீஸ் ஸ்டேஷனில் முதலில் கேட்பது அதைத்தான்.